நீ மட்டும் நிற்கிற போட்டோ

கண்ணு,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் மெயில். சாப்பிட்டுவிட்டுப் படி.

ஏற்காட்டில் பூ மழை நன்றாக விழுந்து காப்பிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மிளகு சமாசாரம் அப்புறம் எழுதுகிறேன். ஸ்டாக்ஹோமில் ஆபா பாட்டுக் குழுவின் மியூசியத்தில் நின்று நீ அனுப்பிய போட்டோவை அம்மாவிடம் காட்டினேன், யார் எடுத்தது என்றாள். மாப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "அவளேதான் எடுத்திருக்கா, ஒரு தோள் தூக்கியிருக்குது பாருங்க" என்று சொல்லிப் புளிக்குக் கொட்டை எடுக்கப் போய்விட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் சரி.

போட்டோவைப் பார்த்ததும் நம் கேசட் ஞாபகம் வந்தது. 1981-ல் சேலம் டவுனில் 60 நிமிஷ கேசட் ஒன்று வாங்கி ஆபாவின் 'சூப்பர் ட்ரூப்பர்' ஆல்பத்தைப் பதியக் கொடுத்தேன். பாட்டெல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், மீதி டேப் வீணாகக் கூடாது என்று கடைக்காரர் சீர்காழியைப் போட்டு நிரப்பிக் கொடுத்தார். ஆறு வயசு வரைக்கும் நீ சீர்காழியும் அந்தக் குழுவில் ஐந்தாவது ஆள் என்றுதான் நினைத்திருந்தாய்.

அந்த ஆல்பம் வந்தது 1980 நவம்பரில். பிரிட்டனில் வெளிவரும் முன்பே பத்து லட்சம் காப்பிக்கு ஆர்டர் குவிந்து, வருஷம் முடிய இரண்டு மாசம்கூட இல்லாத நேரத்தில் வந்தும் அந்த ஆண்டு அங்கே அதிகம் விற்ற ஆல்பம் அதுதான். எஸ்டேட் பங்களாவில் முதலாளியிடம் அதன் எல்பி ரெக்கார்டு இருந்தது. அட்டையில் நாலு பேரும் வெள்ளை உடுப்பில், விளக்கு வெளிச்சத்தில், சுற்றிலும் சர்க்கஸ் கூட்டம். இரண்டு ஜோடி, என்ன பொருத்தம் என்று எஸ்டேட் ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதில் ஒரு ஜோடியான அக்னேத்தாவும் பியோர்னும் 1979-லேயே பிரிவதாகச் சொல்லிவிட்டார்கள், 1980-ல் விவாகரத்தும் ஆகிவிட்டது. அந்த ஆல்பத்தில் இருக்கிற 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாட்டின் வரிகள் பியோர்ன் எழுதியவை, பாடியது அந்தம்மா. பிரிந்த புருஷன் எழுதிக் கொடுத்ததை மைக் முன்னால் நின்று எப்படிப் பாடினாளோ. அடுத்த வருஷம் இன்னொரு ஜோடியும் பிரிந்தது. அப்படியும் நாற்பது வருஷம் கழித்து 2021-ல் நாலு பேரும் சேர்ந்து 'வாயேஜ்' என்று ஒரு ஆல்பம் போட்டு, அதுவும் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மாதான். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

நீ வெளிநாட்டில் வேலை பார்க்கிறாய் என்றால் முதலாளி மகனே எழுந்து நாற்காலி இழுத்துப் போடுகிறார். ஆனால் தையில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டாயே, அது சரியா? மாப்பிள்ளைக்கு லீவு இல்லை, மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று பந்தியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

இல்லை, உன்மேல் குறை சொல்ல எனக்கு வாயே இல்லை. ஆயுத பூஜை அன்றைக்குப் போன் பண்ணி, "அப்பா, ரெண்டு மாசம் அங்க வந்து இருக்கட்டுமா" என்று கேட்டாயே. "அதுக்கென்ன, ரெண்டு பேருமா வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் நீ பேசவில்லை, பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சரிப்பா என்று வைத்துவிட்டாய். புரியாமல் சொல்லவில்லை கண்ணு. புரிந்துதான் சொன்னேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த நேரம், சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அந்த நிமிஷம் என் புத்தி ஓடியது. அம்மாவிடம் நேற்று ராத்திரிதான் இதைச் சொன்னேன். இன்றைக்குக் காலையில் காப்பியை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

உன் அறையில் அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். தனியாகவே வா. சென்னையில் இறங்கினாலும் பெங்களூரில் இறங்கினாலும் ரயில் நேரம் மட்டும் சொல், சேலம் ஜங்ஷனுக்கு வந்துவிடுகிறேன். டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றக் கொடுத்திருக்கிறேன், புதன்கிழமை தருவதாகச் சொன்னார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா