வசந்திக்கு, மூன்று மாதம் தாமதமாக

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று மாதமாகிறது. மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து கண்ணில் படும். மனம் குறுகுறுக்கும், மூடிவிடுவேன். வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் காரணம் அதுவல்ல. அம்மாவை உன்னோடு அழைத்து வந்துவிடலாமா என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. அது எப்படிக் கிடைத்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், உட்கார்ந்து படி.

இங்கே எல்லாரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவள் அண்ணனோடு சண்டை போடுவதை இன்னும் விடவில்லை. இவருக்கு முழங்கால் வலி. பானு உனக்கு எழுதினாளா? எனக்கு வந்தது. வழக்கம்போல நான்கு வரி, அதில் மூன்று வானிலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலுவலகத்தில் இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி, எல்லா வேலையையும் புது மென்பொருளுக்கு மாற்ற முடிவு செய்தார்கள். அதற்குத் திட்டம் போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எட்டு மாதம் உழைத்தேன். சுவர் முழுக்க அட்டவணை. எந்த வேலை எப்போது தொடங்கும், எதற்காக எது காத்திருக்கும், யார் கையெழுத்து வேண்டும், எல்லாம் வண்ணப் பட்டைகளில். நீ பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். மாற்றம் நடந்த திங்கட்கிழமை மாலை வரை ஒரு பிசகும் இல்லை. மேலதிகாரி வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

இரவுப் பணியில் மூன்று பேர் இருக்கிறார்கள். பகல் ஆட்கள் கிளம்பும்போது, முடியாத அவசர வேலைகளை ஒரு நீளமான நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். இரவு வருகிறவர்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். எத்தனையோ வருடமாக இப்படித்தான் நடக்கிறது. எந்த விதிமுறையிலும் அது எழுதப்படவில்லை. அதனால் என் அட்டவணையிலும் அது இல்லை. புது மென்பொருளிலும் அதற்கு இடம் இல்லை. "இனிமேல் காகிதம் வேண்டாம்" என்று நானே சுற்றறிக்கை அனுப்பியிருந்தேன். நோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, 19 அவசர மனுக்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கின்றன. அதில் ஒன்று ஒரு பெரியவருடையது. தினமும் போன் செய்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்து, "பார்க்கிறோம் ஐயா" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை. இரவுப் பணிக்காரர்களில் மூத்தவர் முருகேசன் அண்ணன். அவரிடம் போய், இப்படி ஒரு நோட்டு இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மேடம்" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதத்தில் 30 கூட்டமாவது நடத்தியிருப்பேன், எல்லாமே பகலில். அவர் தூங்கும் நேரத்தில் அவருடைய வேலையை நாங்கள் மாற்றியிருக்கிறோம்.

வசந்தி, அந்த வாக்கியம் என்னை விடவே இல்லை. அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது என்ன தெரியுமா? விடுதியில் உன் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தாயே, பிரேசில் நாட்டுத் தலைநகர் பிரேசிலியாவின் அந்த வரைபடம். இறக்கை விரித்த விமானம் மாதிரி இருக்கும். எப்போது கிளம்பும் என்று ராஜி தினமும் கேட்பாள். ஒன்றுமில்லாத சமவெளியில் ஒரு தலைநகரத்தை இரண்டு கோட்டில் தொடங்கி வரைந்துவிட்டார் கட்டடக் கலைஞர் லூசியோ கோஸ்டா என்று நீ மணிக்கணக்கில் பேசுவாய். நானும் வாய் பிளந்து கேட்பேன். இப்போது திரும்ப அதைப் பற்றித் தேடிப் படித்தேன். உனக்குத் தெரியாதது எதையும் சொல்லப் போவதில்லை. ஆனால் இதை நீ எனக்குச் சொன்னதே இல்லை, அதுதான் என் குறை.

1957இல் அந்த வரைபடம் போட்டியில் வென்றது. 1960 ஏப்ரல் 21இல் நகரம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 5 லட்சம் பேருக்கான நகரம். அதைக் கட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நாட்டின் ஏழைப் பகுதிகளிலிருந்து வந்தார்கள். கட்டி முடித்ததும் அவர்கள் கிளம்பிவிடுவார்கள் என்பது கணக்கு. அதனால் அவர்களுக்கு வரைபடத்தில் வீடு இல்லை. அதுவரை தங்குவதற்கு சிடாடே லிவ்ரே என்று ஒரு மரக் குடியிருப்பு. திறப்பு விழா முடிந்ததும் அதை இடித்துவிடுவதாக ஏற்பாடு. அவர்கள் போகவில்லை. போராடினார்கள். 1961இல் சட்டம் போட்டு அதை நிரந்தரக் குடியிருப்பாக ஏற்க வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால் 1958இலேயே, தலைநகரம் திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, தகுவாட்டிங்கா என்ற துணைநகரத்தை அவசரமாகத் தொடங்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அந்தத் தலைநகரம் இருக்கும் கூட்டாட்சி மாவட்டத்தில் பெரும்பான்மையானவர்கள் அந்த இறக்கைகளுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். கையில் செங்கல் எடுத்துக் கொடுத்தவனை விட்டுவிட்டு ஒரு நகரத்தை வரைந்திருக்கிறார்கள். முருகேசன் அண்ணனை விட்டுவிட்டு நான் அட்டவணை போட்டேன். அளவுதான் வேறு.

இன்னொன்றும் படித்தேன். உளவியல் அறிஞர் டேனியல் கானெமன் தன் அனுபவமாகச் சொன்னது. 1970களில் இஸ்ரேலில் ஒரு குழுவோடு சேர்ந்து பள்ளிப் பாடநூல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். வேலை எப்போது முடியும் என்று ஆளாளுக்குத் தாளில் எழுதச் சொல்கிறார். எல்லாரும் இரண்டு வருடத்தை ஒட்டியே எழுதுகிறார்கள். குழுவில் பாடத்திட்டத் துறையில் பழுத்த ஒருவர் இருக்கிறார். அவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அப்புறம் அவரிடம் தனியாக ஒரு கேள்வி: இதே மாதிரி வேலையைத் தொடங்கிய மற்றக் குழுக்களுக்கு எத்தனை வருடம் பிடித்தது? அவர் யோசித்துவிட்டு, சுமார் 40 சதவீதம் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழிலிருந்து பத்து வருடம் ஆனது என்கிறார். பதில் அதே அறையில், அதே ஆளுக்குள் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இதைக் கேட்ட பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை. எட்டு வருடம் கழித்து நூல் முடிந்தது. அதற்குள் கல்வித் துறைக்கே அதில் ஆர்வம் போயிருந்தது. அது வகுப்பறைக்குள் போகவே இல்லை.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். "எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு சாக்கடைகூடக் கட்ட முடியாது" என்பாய், ஸ்வீடனை இழுப்பாய். இழு. நானும் அதையே சொல்கிறேன். 1955இல் அங்கே சாலையில் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாறலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 83 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அக்கம்பக்கத்து நாடுகள் வலப்பக்கம் ஓட்டுகின்றன, உள்ளூர்க் கார்களிலும் ஸ்டீயரிங் ஏற்கெனவே இடப்பக்கம்தான் என்பதால் நாடாளுமன்றம் 1963இல் மாறுவதென்று முடிவு செய்துவிட்டது. 1967 செப்டம்பர் 3, ஞாயிறு அதிகாலை 4:50க்கு சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. மெதுவாக வலப்பக்கம் வந்தன. 5 மணிக்குக் கிளம்பின. மக்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் இடையில் இருந்த அந்த நான்கு வருடத்தைப் பார். பேருந்தில் ஏறுகிறவர் இனி நடுச்சாலையில் இறங்கக் கூடாதே என்று பேருந்துகளுக்கு வலப்பக்கம் கதவு வைத்தார்கள். நாடு முழுக்க அறிவிப்புப் பலகைகளை மாற்றினார்கள். பால் பெட்டியிலும் உள்ளாடையிலும்கூட அந்த நாளின் சின்னத்தை அச்சடித்தார்கள். வேண்டாம் என்று வாக்களித்தவரும் மறுநாள் காலையில் சாலையைக் கடக்கத்தான் போகிறார் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒருவர் சொன்னதை ஏற்காமல் விடுவது வேறு, அப்படி ஒருவர் இருப்பதையே மறந்துவிடுவது வேறு. நான் செய்தது இரண்டாவது. அதற்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்பாய். நோட்டை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பெரியவரை நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன், அவர் மனுவை முதலில் முடித்தோம். தொடர்ந்து நான்கு இரவு முருகேசன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நோட்டில் வெறும் பட்டியல் மட்டுமில்லை வசந்தி. "இவருக்குக் காது மந்தம், சத்தமாகப் பேசவும்", "இந்தம்மாவை எட்டு மணிக்கு மேல் அழைக்க வேண்டாம்" என்றெல்லாம் இருக்கிறது. எந்த மென்பொருளிலும் அதற்குக் கட்டம் இல்லை. இப்போது கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். புதுத் திட்டத்தின் முதல் வரைவு இரவுப் பணிக்குத்தான் முதலில் போகும். ஒரே நாளில் மாற்றுவதையும் விட்டுவிட்டேன், ஒரு மாதம் ஒரு பகுதியில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் போனில் சொல்லியிருப்பேன். அந்த நான்காவது இரவு முடிந்து வீட்டுக்கு வந்ததும், எங்கள் சொந்தத் திட்ட நோட்டை எடுத்தேன். மூன்று வருடத்தில் வேலையை விடுவது, இந்த வீட்டை விற்பது, சின்ன வீட்டுக்குப் போவது, எல்லாம் மாதவாரியாக எழுதி வைத்திருந்தேன். உனக்குக்கூட ஒரு தடவை சொன்னேனே. முதன்முறையாக அதை இவர் கையில் கொடுத்து, படித்துப் பாருங்கள் என்றேன். இவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பொறுமையாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இதில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். 11 பக்கத்தில் அவர் பெயர் ஒரே இடத்தில் இருந்தது, மருத்துவக் காப்பீட்டு வரியில்.

அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினோம். 26 வருடத்தில் தெரியாத ஒன்று தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கு ஒரு நீள மேசையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். நான் தேர்ந்து வைத்திருந்த சின்ன வீட்டில் அந்த மேசை நுழையாது. இப்போது நோட்டைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறோம், இரண்டு கையெழுத்தில். முன்பு போல அழகாக இல்லை, நிறைய அடித்தல் திருத்தல். வருடங்களும் தள்ளிப் போகும் போலிருக்கிறது. எனக்கு வருத்தமில்லை.

இப்போது உன் கேள்வி. அம்மாவை உன்னோடு அழைத்து வந்துவிடலாமா, எப்போது, எப்படி என்று கேட்டிருந்தாய். இரண்டு பக்கம் திட்டமும் வைத்திருந்தாய். குளியலறையில் கைப்பிடி, கட்டில் உயரம், மருத்துவமனை எத்தனை நிமிடம், அவர் இப்போது இருக்கும் வீட்டை எப்போது காலி செய்வது. இதைவிட அக்கறையாக ஒரு மகள் யோசிக்க முடியாது. நேற்றிரவு அதை மூன்று தடவை படித்தேன். கோபப்படாமல் கேள். அந்த இரண்டு பக்கத்தில் அம்மா பேசிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

அவரைக் கேட்டாயா? "வந்துவிடுகிறாயா அம்மா" என்று கேட்டிருப்பாய், அது எனக்குத் தெரியும். அதற்கு அவர் "உன் இஷ்டம்" என்றிருப்பார், அதுவும் தெரியும். நான் கேட்பது அதுவல்ல. காலையில் எழுந்ததும் அவர் யாரிடம் முதலில் பேசுகிறார், எந்த வேலையை இன்னும் யார் உதவியும் இல்லாமல் செய்ய முடிகிறது, எதை விட்டுவர அவருக்கு மனமில்லை. முருகேசன் அண்ணனின் நோட்டில் இருந்தது இந்த மாதிரி விஷயங்கள்தான். அம்மாவுக்கும் அப்படி ஒரு நோட்டு மனதில் இருக்கும். நாலு நாள் போய் அவர் வீட்டில் அவர் விருந்தாளியாக இரு. எதையும் சரிசெய்யாதே, கூடவே இரு.

வீட்டை உடனே காலி செய்யாதே. ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமில், நகருக்குள் வந்து போகும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, 2006இல் முதலில் ஏழு மாதம் சோதனையாக மட்டும் வைத்தார்கள். போக்குவரத்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. அப்புறம் நிறுத்திவிட்டுத்தான் வாக்கெடுப்பு நடத்தினார்கள். தொடக்கத்தில் எதிர்ப்பு அதிகம் இருந்தும், வாக்களித்த நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் சரி என்றார்கள். 2007இல் நிரந்தரமாக்கினார்கள். சுற்றியிருந்த பல பகுதிகளில் நடந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்பவர்களே அதிகம், அதையும் மறைக்கவில்லை. இரண்டு மாதம் அம்மா வந்து இருக்கட்டும். பிறகு திரும்பிப் போய் ஒரு மாதம் தன் வீட்டில் இருக்கட்டும். அதற்கப்புறம் கேள். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது. அப்போது சேர்ந்து யோசிப்போம், ராஜியையும் கூப்பிடுவோம்.

உன் இரண்டு பக்கத்தையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். வலப்பக்கம் ஓரம் விட்டு மறுபடி எழுதியிருக்கிறேன், அந்த ஓரம் அம்மாவுக்கு. அவருக்கு எழுத முடியாவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீ எழுது, சொல்லை மாற்றாமல் எழுது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன், எடுக்காமல் இருந்துவிடாதே. அம்மாவுக்கு என் அன்பைச் சொல். விடுதிக்கு வந்தபோதெல்லாம் என் தலையையும் சேர்த்துப் பின்னிவிட்டுப் போவாரே, அதை நான் மறக்கவில்லை என்று சொல்.

அன்புடன்,
சுமதி