நரம்பு என்றால் எது?

அன்புள்ள மகளுக்கு,

கையை மடக்க நினைத்ததும் அது எப்படி மடங்குகிறது என்று பழையவர்கள் சொன்னதெல்லாம் குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பாதிக் குழப்பம் ஒரு சொல்லால் வருவது. ஊசி போட "நரம்பு கிடைக்கலை" என்றால் அது ரத்தக்குழாய். குதிகாலுக்கு மேலே "நரம்பு இழுக்குது" என்றால் பெரும்பாலும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நாண். யாழில் கட்டுவதும் நரம்புதான். கிரேக்கத்தில் 'நியூரோன்' என்ற சொல்லுக்கும் இதே கதி.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) சொல்லும் நியூரோன் தசைநாண்தான். மூளைக்கு அவரிடம் இதில் வேலையே இல்லை. இதயத்தில் பிறவியிலேயே இருக்கும் 'நியூமா' என்ற காற்று விரிந்து சுருங்கி நாண்களை இழுக்கும், நாண் எலும்பை இழுக்கும். இதயத்தின் சிறு அசைவு காலில் எப்படிப் பெரிதாகும்? சுக்கான் கொஞ்சம் திரும்பினால் கப்பலின் முகப்பு வெகுதூரம் விலகுவதைக் காட்டுகிறார். உவமை அழகுதான். ஆனால் தசையைத் தொடுவுணர்வுக்கான வெறும் சதையாக்கிவிட்டாரே, அதுதான் பெரிய ஓட்டை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஹெரோஃபிலஸ், எராசிஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்க மருத்துவர்கள் மனித உடலை அறுத்துப் பார்த்து, நரம்பு மூளையோடு தொடர்புடையது என்று கண்டார்கள். நியூமா புகுந்தால் தசை பருக்கும், பருத்தால் நீளம் குறையும் என்றார் எராசிஸ்ட்ராட்டஸ்.

கிரேக்க மருத்துவர் கேலனை (பிறப்பு கி.பி. 129) நிதானமாகப் படி. நியூமா இவரிடமும் உண்டு, அதை ஓரமாக வை. விலங்குகளின் தண்டுவடத்தை அவர் அறுத்த விதத்தைப் பார். நடுக்கோட்டில் நீளவாக்காகக் கீறினால் எதுவும் செயலிழக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் குறுக்கே அறுத்தால், அந்தப் பக்கத்தில் அதற்குக் கீழுள்ள தசைகள் விழுந்துவிடும். ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே முழுதும் அறுத்தால் விலாத் தசைகள் நின்று, உதரவிதானம் (மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) மட்டும் மூச்சை ஓட்டும். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே என்றால் அதுவும் நின்றுவிடும். தசைக்குச் சுருங்க மட்டுமே தெரியும், நீட்டுவது எதிர்ப்பக்கத் தசை என்றும் சொன்னார். உன் பிசியோதெரபி வகுப்பில் இன்றைக்கும் அதே பாடம்தான்.

சிரியாவிலிருந்து வந்த பௌசானியாஸ் என்ற நோயாளிக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரலில் பாதி மரத்துப்போயின. அசைவு மட்டும் போகவில்லை. மற்ற மருத்துவர்கள் விரலுக்கே மருந்து போட்டார்கள். வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டதைக் கேலன் கேட்டறிந்து, மருந்தைக் கழுத்தடி முதுகெலும்புக்கு மாற்றினார். தோலுக்குப் போகும் நரம்பு வேறு, தசைக்குப் போவது வேறு என்று விளக்கவும் செய்தார்.

பாரசீக மருத்துவர் இப்னு சீனாவுக்கு (980–1037) வேறு சிக்கல். இவ்வளவு மெல்லிய நரம்பு கனமான எலும்பை எப்படி இழுக்கும்? எலும்பிலிருந்து முளைக்கும் தசைநாரோடு (எலும்பை எலும்போடு கட்டுவது) நரம்பிழை பின்னி, இடையில் சதை நிறைந்து தசையாகிறது என்றார். அரபியில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு: நரம்பு 'அஸப்', தசைநாண் 'வதர்', தசைநார் 'ரிபாத்'. மொழிபெயர்ப்பில் 'நரம்பு' என்று மொட்டையாக வந்தால், மூலத்தில் எது என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மா