முதற் பக்கங்களைக் கையாலேயே எழுது

பொகவந்தலாவை

அன்பு மகளுக்கு,

வகுப்பில் உன்னுடன் சேர்ந்தவர்கள் ஆயத்த வார்ப்புருக்களை (முன்பே வடிவமைத்து வைத்த பக்கங்களை) எடுத்து ஒரே மாலையில் அழகான இணையத்தளங்களை முடித்துவிட, நீ மட்டும் இன்னும் இணையப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியின் குறிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதாக வருந்தி எழுதியிருந்தாய். நீ பின்தங்கிவிட்டதாக நான் நினைக்கவில்லை. வார்ப்புரு குழம்பும் நாளில் அதைத் திறந்து திருத்தத் தெரிந்தவரையே வாடிக்கையாளர் தேடி வருவார் என்பதால், முதற் சில பக்கங்களையேனும் வெற்றுக் கோப்பிலிருந்து நீயே எழுதி முடிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அதற்குப் பணம் செலவழிக்கவும் தேவையில்லை. டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகளாவிய வலையின் மென்பொருளை, அவர் பணியாற்றிய சேர்ன் என்னும் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகம் 1993 ஏப்ரல் 30 அன்று எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. கணினியில் ஏற்கனவே உள்ள நோட்பேடும் ஓர் உலாவியும் உனக்கு இப்போதைக்குப் போதும்.

அச்சகத்தில் கைப்பிரதியின் ஓரத்தில் இது தலைப்பு, இது பத்தி என்று நாங்கள் குறிப்பதைப் போன்றதே எச்.டி.எம்.எல். செய்யும் வேலை. நிறத்தையும் எழுத்தளவையும் இடைவெளியையும் சி.எஸ்.எஸ். என்னும் துணைமொழி பார்த்துக்கொள்ளும். இவ்விரண்டும் கைவந்த பின்னரே, பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்டைத் தொடு; ஏனெனில் எச்.டி.எம்.எல்.இல் ஒரு மூடுகுறி விடுபட்டாலும் உலாவி எப்படியோ சமாளித்துப் பக்கத்தைக் காட்டிவிடும், ஜாவாஸ்கிரிப்டிலோ ஓர் அடைப்புக்குறி தவறினாலே அந்தக் கோப்பு முழுவதும் இயங்காமல் நின்றுவிடும். அப்படி நிற்கும்போது உலாவியில் எஃப்12 விசையை அழுத்திப் பிழைப் பட்டியலைப் பார்த்தால், பிழை எந்த வரியில் என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும். கோப்புப் பெயர்களையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள். விண்டோஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். தளத்தை வைத்திருக்கும் லினக்ஸ் வழங்கிக் கணினி அவ்வாறு கொள்ளாது என்பதால், வீட்டில் தெரிந்த படம் தளத்தை ஏற்றியதும் காணாமற்போகும்.

தமிழ்ப் பக்கங்களைப் பற்றித்தான் உனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் திருமண அழைப்பிதழ் முதல் திருவிழா அறிவித்தல் வரை பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தே பழகியிருக்கிறோம். பாமினியில் திரையில் தெரிவது தமிழாயினும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் அவை பொருளற்ற கிறுக்கலாகவே தெரியும், தேடினாலும் அகப்படா. ஆகவே யாரேனும் பாமினிக் கோப்பைத் தந்தால், அதை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள யுனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்த பின்னரே பக்கத்தில் இடு. கோப்பை, யுனிகோடைச் சேமிக்கும் முறையான யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை அறிவித்துவிடு. பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்துவிட்டால், பார்வையற்ற ஒருவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்துகொள்ள அது உதவும். தமிழில் கொம்பும் சுழியும் புள்ளியும் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி நமக்கு நெருக்கமாக இருக்கும். சற்றுத் தாராளமாக விடு. பொத்தான்களுக்கு நிலையான அகலம் கொடுக்காதே, ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல் அதற்குள் அடங்காது.

கொழும்பில் நீ பார்க்கும் வேகத்தில் இங்கே பக்கங்கள் திறப்பதில்லை. மலைச்சரிவில் சிக்னல் வந்து வந்து போகும் லயத்துப் பிள்ளை, சிறிய டேட்டா அட்டையைப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தைத் திறப்பதாகவே எண்ணி வேலை செய். கமெராவில் எடுத்த பல மெகாபைட் படத்தை அப்படியே ஏற்றாமல், அளவைக் குறைத்து ஏற்று. பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே அமைக்கச் சொல்லித் தலைப்பகுதியில் இடும் வியூபோர்ட் என்னும் ஒற்றை வரியை மறந்துவிட்டால், கைத்தொலைபேசி உன் பக்கத்தைக் கணினித் திரையின் அகலத்துக்கு விரித்து, பின்னர் எறும்பெழுத்தாகச் சுருக்கிக் காட்டும்.

முதல் வேலையாக, ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக இங்கு வரும் பஸ்களின் நேர அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கிப் பார். அட்டவணைக் குறிகளை நன்றாகப் பழகவும், சிறிய திரையில் அட்டவணை எப்படி உடைகிறது என்பதை அறியவும் அது ஏற்றது. மாலை வகுப்பு முடிந்து நிற்கும் பிள்ளைகளுக்கும் உடனே பயன்படும். பஸ் நிலையத்தில் நேரங்களைக் கேட்டு எழுதி அனுப்புகிறேன். நீ பக்கத்தை ஏற்றியதும் இணைப்பை அனுப்பு. தமிழ்ப் பகுதிக்கு நான் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா