பெரிய கோயிலின் நிழல்: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் சமூக அறிவியல் ஒப்படைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதிய பிள்ளைகளில் பதினொரு பேர், "கோபுரத்தின் நிழல் தரையில் விழாது" என்று எழுதியிருந்தார்கள். விழும். வெயிலுள்ள எந்த நாளும் காலையில் போய்ப் பார்க்கலாம். எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். "எல்லா இடத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு டீச்சர்" என்றார்கள். அது உண்மைதான். அதனால் அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. ஒரு கணினியின் கதையைச் சொன்னேன்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், டாம் மிட்செல் என்ற பேராசிரியரின் குழு 2010 ஜனவரியில் 'நெல்' என்ற நிரலை ஓடவிட்டது. பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் வயலை நினைத்தார்கள். 'முடிவில்லாமல் மொழி கற்பது' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அது. இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்து உண்மைகளைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இவை நகரங்கள், இவை பறவைகள் என்று வகைக்குப் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்தார்கள். அது படித்தது ஆங்கிலம். தமிழில் வைத்துச் சொன்னால், மதுரை ஒரு நகரம் என்று தெரிந்த கணினி "மதுரை போன்ற நகரங்களில்" என்ற தொடரைக் கவனிக்கிறது. அப்புறம் "சேலம் போன்ற நகரங்களில்" என்று கண்டதும் சேலத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பல இடங்களில் கண்டால் நம்பிக்கை கூடுகிறது. நம் பிள்ளைகள் செய்ததும் இதைத்தான்.

ஆங்கிலத்தில் குக்கீ என்றால் பிஸ்கட் மாதிரி ஒரு தின்பண்டம். இணையதளங்கள் நம் கணினியில் வைத்துவிட்டுப் போகும் சிறு கோப்புக்கும் அதே பெயர். கணினி இந்த இரண்டாவதையும் தின்பண்டத்தோடு சேர்த்துவிட்டது. "குக்கீகளை அழித்தேன்" என்று எழுதும் மனிதர்கள் "கோப்புகளை அழித்தேன்" என்றும் எழுதுவார்கள் அல்லவா? அதனால் கோப்பும் தின்பண்டமாகிவிட்டது. ஒரு தவறே அடுத்த தவறுக்குச் சாட்சி. ஆறு மாதம் தனியே ஓடவிட்டுப் பார்த்த குழுவினர், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் ஐந்து நிமிடம் பார்வையிட்டு, கண்ணில் பட்ட பிழைகளைத் திருத்தத் தொடங்கினார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். பிள்ளை போனில் பார்த்து எழுதினால் தடுக்க வேண்டாம். "இதை நேரில் பார்த்துச் சொன்னது யார்?" என்று கேளுங்கள், போதும். அதற்கு உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து அலுப்போடு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்கிறேன்.

வரும் சனிக்கிழமை எட்டாம் வகுப்பைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறோம். நிழல் எங்கே விழுகிறது, மணிக்கு மணி எவ்வளவு நகர்கிறது என்று பிள்ளைகளே அளந்து குறிப்பார்கள். இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, வீட்டில் அளவு நாடா இருந்தால் அதுவும்.

அன்புடன்,
தலைமையாசிரியை