நீ தேர்தலில் நிற்பதைப் பற்றி

அன்பு மகனுக்கு,

மெல்பர்னில் நகர மன்றத் தேர்தலில் நிற்கப் போவதாக நீ சொன்னதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். போனில் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் பெனின்சுலா பிளாசாவில் பர்மியக் கடைகள் இருக்குமே, அந்தப் பக்கம் போனாலே எனக்குப் பியோ ஸேயா தோவின் ஞாபகம் வந்துவிடும். மியன்மாரில் 2000-இல் முதல் ஹிப் ஹாப் ஆல்பத்தைக் கொண்டுவந்த 'ஆசிட்' குழுவின் பாடகர் அவர். பாட்டோடு நின்றிருக்கலாம். 2007-இல் புத்த பிக்குகள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, நண்பர்களோடு சேர்ந்து 'ஜெனரேஷன் வேவ்' என்ற இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். 2008-இல் சிறை. 2011-இல் வெளியே வந்தார், அடுத்த வருஷமே இடைத்தேர்தலில் நின்றார். எங்கே தெரியுமா? நேப்பிடோவில். ராணுவ ஆட்சி தனக்கென்று கட்டிய தலைநகரம், அரசு ஊழியர்கள் நிறைந்த ஊர். அங்கேயே ஜெயித்தார், தம்பி! அவர் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வாய் திறக்கப் பயந்த ஜனங்கள் வாக்குச்சீட்டில் பேசிவிட்டார்கள்.

2015-இலும் ஜெயித்தார். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நவம்பரில் அவரைப் பிடித்தார்கள், ஜனவரியில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2022 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, அவருடைய அம்மாவை வீடியோவில் பேச விட்டிருக்கிறார்கள். படிக்கிற கண்ணாடி வேண்டுமென்று அம்மாவிடம் அவர் கேட்டாராம். திங்கட்கிழமை அரசாங்கப் பத்திரிகையில் தூக்கிலிட்ட செய்தி. வயது 41. உடலைக்கூடக் கொடுக்கவில்லை.

நானாக இருந்தால் சனிக்கிழமை காலையிலேயே கண்ணாடிக் கடைக்குப் போயிருப்பேன்.

நீ இருக்கும் ஊரில் அந்த ஆபத்தெல்லாம் இல்லை என்கிறார் அப்பா. சரிதான். உன்னிடம் குப்பைத் தொட்டி, நடைபாதை, நூலக நேரம் என்றுதான் வருவார்கள். அதைச் சின்ன வேலையாக நினைக்காதே. உனக்கு ஓட்டுப் போடவே மாட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்லும் தெருக்களுக்கு முதலில் போ. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டு. அவர்கள் பேசி முடிக்கும்வரை நின்று கேள்.

எந்த மாதம் வந்தால் உனக்கு உதவியாக இருக்கும் என்று சொல். அப்பா டிக்கெட் பார்க்கிறார். சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா