காலைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ள டாக்டர், வார்டு சிஸ்டர்கள், பிசியோ மேடம், ரத்தம் கொடுத்த அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பில் ஆஸ்டியோசார்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய், என்று பயாப்ஸியில் வந்ததும், காலை எடுத்துவிடுவார்கள் என்றுதான் வீட்டில் எல்லோரும் அழுதோம். பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் கட்டியில் சிக்கவில்லை, அதனால் முதலில் கீமோ, அப்புறம் நோய் பிடித்த எலும்பை மட்டும் வெட்டி எடுத்து உலோக மூட்டு, பிறகு மறுபடியும் கீமோ என்று ஸ்கேனைக் காட்டி அம்மாவுக்குப் புரிகிற வரைக்கும் சொன்னீர்கள் டாக்டர். அப்படிப்பட்ட மூட்டை நம் நாட்டிலேயே ஆளுக்கேற்ற அளவில் செய்து பொருத்த வழி திறந்தவர்களில் சென்னை டாக்டர் மயில்வாகனன் நடராஜனும் ஒருவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவரை நான் பார்த்ததில்லை, அவருக்கும் நன்றி.

சிவப்பு கீமோ மருந்து ஏறிய ராத்திரிகளில் முகம் சுளிக்காமல் பக்கத்தில் நின்ற சிஸ்டர்களை மறக்கவே முடியாது. பிளேட்லெட் இறங்கியபோது ஓடிவந்து கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போன கல்லூரித் தம்பிகளையும்தான். வலிக்குது மேடம் என்று நான் கத்தினாலும் தொடைத் தசையை விடாமல் வேலை வாங்கிய பிசியோ மேடம், இன்றைக்கு நான் கைப்பிடி இல்லாமல் படி ஏறுவது உங்களால்.

சம்மணம் போட்டு உட்கார முடியாது, குத்துக்காலிட முடியாது, ஓட்டம் குதிப்பு வேண்டாம், பல வருடம் கழித்து மூட்டு தேய்ந்தால் இன்னொரு ஆபரேஷனும் வரலாம் என்பதையெல்லாம் நான் கையெழுத்துப் போடும் முன்பே சொல்லிவிட்டீர்கள். எனக்கு இந்தக் காலோடு மனக்குறை இல்லாததற்குப் பெரிய காரணம் அதுதான் என்று நினைக்கிறேன், எது கிடைக்கும் எது கிடைக்காது என்று தெரிந்தே உள்ளே போனேன்.

அப்புறம் ரிவ்யூவில் எக்ஸ்ரே பார்த்ததோடு அனுப்பிவிடாமல், கனடாவின் டொரன்டோவில் உருவாக்கிய ஒரு கேள்வித்தாளையும் கொடுத்தீர்கள். சாக்ஸ் மாட்ட முடிகிறதா, குனிந்து எடுக்க முடிகிறதா, வீட்டு வேலை எவ்வளவு சிரமம் என்று ஒவ்வொன்றுக்கும் நோயாளியே பதில் எழுத வேண்டிய தாள். மாதக்கணக்கில் என் உடம்பைப் பற்றி எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அன்றைக்குத்தான் நான் சொன்னேன், அதையும் நீங்கள் உட்கார்ந்து வாசித்தீர்கள். கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டதால் காலை எடுக்க வேண்டிவந்த பக்கத்துப் படுக்கைத் தங்கச்சியிடமும் அதே தாளைக் கொடுத்து அதே அக்கறையோடு கேட்டீர்களே டாக்டர், அதற்குத் தனியாக ஒரு நன்றி.