காட்டுக் கோதுமையையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வெப்பம் தாங்கும் கோதுமை ரகங்கள் பற்றிய உங்கள் செய்தியில் புதிய ரகங்களைப் பற்றி நிறைய இருந்தது, சரி, ஆனால் அந்தத் தாங்கும் குணம் எங்கிருந்து வரும் என்பது இல்லை. இஸ்ரேல், சிரியா, துருக்கிப் பக்கத்து மலைச்சரிவுகளில் இன்றும் தானாக முளைக்கும், இன்றைய கோதுமையின் மூதாதையான காட்டு எம்மர் கோதுமையில், மழை, வெயில், மண் மாறமாற மரபணுவும் மாறுகிறது. இஸ்ரேலின் கலிலேயாக் கடலோரம் தபிகா என்ற இடத்தில் செம்மண்ணிலும் பக்கத்திலேயே உள்ள எரிமலைப்பாறை மண்ணிலும் வளரும் செடிகளுக்குள்கூட ஆய்வாளர்கள் வேறுபாடு கண்டிருக்கிறார்கள். கோதுமை இலையைத் தாக்கும் பூஞ்சை நோயான மஞ்சள் துருவை எதிர்க்கும் ஒய்ஆர்15 என்ற மரபணு இந்தக் காட்டு இனம் தந்ததுதான்.

2022 மார்ச் வெயிலுக்கு அப்புறம் எங்கள் தெரு மாவு மில்லில் வாங்கிய கோதுமை சுருங்கி, மெலிந்து கிடந்தது. அந்த ஆண்டு மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. தில்லி பூசாவில் பயிர் விதைகளைச் சேமித்து வைக்கும் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. அங்குள்ள கோதுமையின் காட்டு உறவினங்களின் விதை எந்த மண்ணில், எவ்வளவு மழையில் சேகரிக்கப்பட்டது என்ற விவரத்தையும் சேர்த்துப் பயிர் விஞ்ஞானிகள் எளிதாகத் தேடும்படி பொதுவில் வைக்க வேண்டும், அதற்குத் தனி நிதியும் ஒதுக்க வேண்டும்.

வாசகி, ஆர்.கே.புரம், புது தில்லி